கேபிளா, வைஃபையா, மெஷ்ஷா, பவர்லைனா: வீட்டு நெட்வொர்க்கை விரிக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

ரூட்டர் இருக்கும் அறையில் இணையம் நன்றாக ஓடுகிறது, இரண்டு சுவர் தாண்டினால் திணறுகிறது, இனி எதை வாங்குவது என்பதுதான் நெட்வொர்க்கைப் பற்றிப் புதிதாகக் கற்கத் தொடங்குபவர்களிடமிருந்து அதிகமாக வரும் கேள்வி. கேபிள் இழுக்கலாம், இருக்கும் வைஃபையைச் சீர்செய்யலாம், ரிப்பீட்டரோ மெஷ்ஷோ வைக்கலாம், வீட்டின் மின்கம்பிகளையே பயன்படுத்தும் பவர்லைன் அடாப்டரைப் போடலாம். நான்கிலும் பெட்டியின் மேல் ஒரு பெரிய எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்களை வரிசையாக வைத்துப் பெரியதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாற்றம் அடைவதற்குக் காரணம், அவை ஒரே பொருளை அளப்பதில்லை என்பதுதான்.

எந்தக் கருவி இடம் மாறாமல் இருக்கிறது, எது கையோடு நகர்கிறது என்று முதலில் பிரித்துக்கொண்டால் இந்தத் தேர்வில் பாதி முடிந்துவிடும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது விளக்குகிறேன்.

## தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு கருவிகள்

இணைய நிறுவனத்தின் தடத்தில் வரும் சிக்னலை வீட்டு நெட்வொர்க்குக்குப் புரியும் வடிவில் மாற்றுவது மோடம். வீட்டிலுள்ள கருவிகளுக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) கொடுத்து, அவற்றின் போக்குவரத்தை வெளியுலகோடு இணைப்பது ரூட்டர். ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது சுவிட்ச். கேபிளில் வருவதை வைஃபையாக மாற்றி அனுப்புவது ஆக்ஸஸ் பாயிண்ட். நிறுவனம் கொடுக்கும் ஒற்றைப் பெட்டிக்குள் பெரும்பாலும் இந்த நான்கும் சேர்ந்தே இருப்பதால், எல்லாவற்றையும் நாம் ரூட்டர் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். குறை எங்கே என்று தேடும்போது மட்டும் இவற்றைத் தனித்தனியாக நினைத்துப் பார்ப்பது உதவும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், கையில் வந்து சேரும் வேகம். நெட்வொர்க்கின் வேகம் பிட் கணக்கிலும் கோப்புகளின் அளவு பைட் கணக்கிலும் சொல்லப்படுவதால், எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அதிகபட்சமாக நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். நல்ல தரமான ஒரு காணொளி அழைப்புக்குச் சில மெகாபிட்களே போதும். 4கே படம் பார்க்க ஏறக்குறைய 25 மெகாபிட் போதும். ஆகவே பெட்டியில் உள்ள 1200, 3000 போன்ற எண்களைப் பெரும்பாலான வீடுகள் எந்நாளும் எட்டப் போவதில்லை.

இரண்டாவது அளவுகோல் தாமதம், அதிலும் குறிப்பாகத் தாமதத்தின் ஏற்ற இறக்கம். ஒரு தரவுப் பொட்டலம் போய்த் திரும்ப எப்போதும் 20 மில்லி விநாடி ஆனால் நமக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒருமுறை 5, மறுமுறை 300 என்று தாவினால், வேகச் சோதனையில் அழகான எண் வந்தாலும் அழைப்பில் எதிரே பேசுபவரின் குரல் துண்டுதுண்டாகத்தான் கேட்கும். மக்கள் "நெட் ஸ்லோ" என்று சொல்வதில் கணிசமான பகுதி வேகக் குறைவு அன்று, இந்தத் தாவல்தான்.

மூன்றாவது, அந்த வழி தனி வழியா, பகிரப்படும் வழியா என்பது. நான்காவது, நிறுவுவதற்கு ஆகும் உழைப்பும் சுவரில் போடும் துளையும். ஐந்தாவது, வாங்கும்போது கண்ணில் படாமல் பின்னால் வந்து சேரும் செலவுகள்.

## ஈதர்நெட் கேபிள்

ஈதர்நெட் 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் உருவாகி, 1983இல் தரநிலையானது. இன்றும் அதை மிஞ்ச வேறு வழி வரவில்லை என்பதற்கு ஒரு காரணம், ஒவ்வொரு கருவிக்கும் சுவிட்ச் வரை தனி வழி கிடைப்பது. இன்னொரு காரணம், ஒரே நேரத்தில் இரு திசையிலும் முழு வேகத்தில் அனுப்ப முடிவது. கேபிள் வழியாக ரூட்டரைத் தொட்டுத் திரும்ப ஆகும் நேரம் பொதுவாக ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. அண்டை வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதை அசைக்காது.

கேட்5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் கொண்டு செல்லும். கேட்6 கேபிளில் ஏறக்குறைய 55 மீட்டர் வரையிலும், கேட்6ஏ கேபிளில் 100 மீட்டர் முழுவதும் 10 கிகாபிட் போகும். வீட்டுக்குள் புதிதாக இழுப்பவர்களுக்குக் கேட்6 தாராளமாகப் போதும். சுவருக்குள் ஏற்கெனவே கேட்5இ இருந்தால் அதைப் பிடுங்கிப் போட எந்த அவசியமும் இல்லை. 2016இல் வந்த தரநிலை அதே கேபிளில் 2.5 கிகாபிட்டையும் அனுமதிக்கிறது.

கேபிளில் ஏமாறும் இடம் அதன் உலோகம். விலை குறைவாகக் கிடைக்கும் சில கேபிள்களின் உள்ளே செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருக்கும். அது எளிதில் முறியும். அதன் மின்தடையும் கூடுதல். கேமரா போன்ற கருவிகளுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுத்தால் சூடேறும். தூய செம்பு என்று குறிப்பிட்டிருப்பதை மட்டுமே வாங்குங்கள்.

இன்னொரு குறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு முறுக்கு இணைகளாக இருக்கின்றன. கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் தேவை; 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய முனைகளில் சேரும் இரண்டு இணைகளே போதும். முனையில் ஆர்ஜே45 பிளக்கை வைத்து கிரிம்பிங் செய்யும்போது, அதாவது கருவியால் அழுத்திப் பொருத்தும்போது, மற்ற இணைகளில் ஒரு கம்பி மட்டும் சரியாகப் பதியாமல் போனாலும் இணைப்பு அறுந்துவிடாது. பல கருவிகள் சத்தமின்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு எரியும், பக்கங்கள் திறக்கும், 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுபவருக்கு வேகச் சோதனையில் எப்போதும் 94, 95 என்றே வந்துகொண்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் இணைய நிறுவனத்தோடு சண்டை பிடிப்பதற்கு முன், கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல தொலைக்காட்சிகளின் ஈதர்நெட் துளையே 100 மெகாபிட்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேபிளில் இணைத்த தொலைக்காட்சி சோதனையில் வைஃபையைவிடக் குறைந்த எண் காட்டினாலும், படத்துக்குத் தேவையான 25 மெகாபிட் அதில் அடங்கிவிடுவதால் அங்கு இழப்பு ஏதுமில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, சுவரைக் குடைவதும் கேபிளை ஒழுங்காகக் கொண்டு போவதும். மின்கம்பியோடு ஒரே குழாயில் கேபிளைச் செலுத்தக் கூடாது. அது இடையூறையும் தரும், ஆபத்தையும் தரும். இரண்டாவது, பழைய ரூட்டரைக் கேபிளின் மறுமுனையில் வைத்துப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம். அது ரூட்டராகவே இயங்கினால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க்குகள் உருவாகி, ஓர் அறையின் கைபேசி மறு அறையின் பிரிண்டரைக் காணாது. அதை ஆக்ஸஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லையெனில், ஐபி முகவரி வழங்கும் வேலையை அதில் நிறுத்திவிட்டு, அதற்கு வேறொரு முகவரி கொடுத்து, வெளி இணையத்துக்கான துளையில் அல்லாமல் சாதாரணத் துளையில் கேபிளைச் செருக வேண்டும். மூன்றாவது, ஒரே கேபிளின் இரு முனைகளையும் தெரியாமல் ஒரே சுவிட்சில் செருகிவிடுவது. சாதாரண சுவிட்சுகளில் தரவு முடிவில்லாமல் சுற்றத் தொடங்கி, வீடு முழுவதும் இணையம் நின்றுவிடும்.

மேசைக் கணினி, தொலைக்காட்சி, விளையாட்டுக் கருவி, தரவுச் சேமிப்பகம், ஆக்ஸஸ் பாயிண்ட் ஆகிய நகராத கருவிகள் எல்லாவற்றுக்கும் கேபிளே சிறந்தது. தனித்தனியாக நிற்கும் இரண்டு கட்டடங்களை இணைக்க மட்டும் செம்புக் கேபிளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இடி மின்னலின்போது அது இருபுறக் கருவிகளுக்கும் ஆபத்து. ஒளியிழைக் கேபிளே அங்கு பாதுகாப்பானது.

## ஒரே ரூட்டரின் வைஃபை

1997இல் வைஃபையின் அடிப்படைத் தரநிலை வந்தபோது அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். அதன்பின் உச்ச வேகம் பல ஆயிரம் மடங்கு கூடிவிட்டது. ஆனால் ஓர் அடிப்படை விதி மாறவில்லை. ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசைப் பகுதியில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். புதிய தலைமுறைகள் அந்த நேரத்தை நுணுக்கமாகப் பங்கிட்டுத் தருகின்றன என்றாலும், பங்கிடப்படுவது அதே காற்று நேரம்தான்.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். 12 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பு, ரூட்டருக்கு அருகில் 200 மெகாபிட் வேகத்தில் இருக்கும் மடிக்கணினிக்குப் போக ஏறக்குறைய அரை விநாடி காற்று நேரம் ஆகும். அதே கோப்பு, கடைசி அறையில் 6 மெகாபிட் வேகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கைபேசிக்குப் போக 16 விநாடி காற்று நேரத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டில் ஒருவருடைய சிக்னல் மோசமாக இருந்தால் அது அவருடைய பிரச்சினை மட்டும் அன்று, அந்தச் சேனலில் இருக்கும் எல்லாருடைய பிரச்சினையும் ஆகிறது. நகராத தொலைக்காட்சியைக் கேபிளுக்கு மாற்றியதும் கைபேசிகளின் வைஃபை சீராவதற்கும் இதுவே காரணம். கேபிள் போட்டவருக்கு மட்டும் பயன் என்று நினைத்து அதைத் தள்ளிப்போடுபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தொலைவு போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட அந்தப் பகுதியையே பயன்படுத்துகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகமும் அதிகம். கான்கிரீட் சுவர் அதை வெகுவாக மட்டுப்படுத்தும். 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் விசாலமானது, இன்னும் குறுகிய தொலைவே செல்வது. பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் இந்த அலைவரிசைப் பட்டைகள் அனைத்தின் உச்ச வேகங்களையும் கூட்டிய தொகை; ஒரு கைபேசி ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு பட்டையில்தான் இணைகிறது.

இந்த வழியின் பெரிய அனுகூலம், இதில் செய்யவேண்டிய முதல் மாற்றம் இலவசம் என்பது. ரூட்டரைத் தரையிலிருந்தும் அலமாரியின் உள்ளிருந்தும் எடுத்து, வீட்டின் நடுப்பகுதியில், நெஞ்சளவு உயரத்துக்கு மேல், இரும்புப் பீரோ, கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்துப் பாருங்கள். பணம் செலவழித்து வாங்கும் பல கருவிகள் தரும் முன்னேற்றத்தை இது ஒன்றே தந்துவிடுவதுண்டு. பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2 அல்லது 2018இல் வந்த டபிள்யூபிஏ3 முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தளத்தில் இரண்டு மூன்று அறைகள் கொண்ட வீட்டுக்கு இது போதும். மறைந்த செலவு, "இன்னும் சக்திவாய்ந்த" ரூட்டரை வாங்குவதுதான். ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், கைபேசியின் சிறிய ஆன்டெனா அதே மெல்லிய குரலில்தான் பதில் சொல்லும். இரண்டும் கேட்டால்தான் இணைப்பு.

## ரிப்பீட்டரும் மெஷ்ஷும்

ரிப்பீட்டர் தனக்கு வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புகிறது. ஒரே ரேடியோவில் (சிக்னலை வாங்கி அனுப்பும் பகுதியில்) இரண்டையும் செய்யும்போது, ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இருமுறை பயணிப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு பட்டையில் வாங்கி மறு பட்டையில் அனுப்பும் வகைகள் சற்றே மேல். ஓர் அறையில் ஒரு கைபேசிக்கு மட்டும் சிக்னல் எட்டினால் போதும் என்ற நிலையில் ரிப்பீட்டர் நியாயமான தேர்வு. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

மெஷ் என்பது ஒரே பெயரிலும் ஒரே கட்டுப்பாட்டிலும் இயங்கும் பல ஆக்ஸஸ் பாயிண்டுகளின் தொகுப்பு. வீட்டுக்குள் நடக்கும்போது கைபேசி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ மெஷ் உதவி செய்யும். ஆனால் எப்போது தாவுவது என்ற முடிவு கைபேசியின் கையில்தான் இருக்கிறது. மாடியில் மெஷ் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கைபேசி கீழ்த்தளப் பெட்டியின் ஒற்றைக் கோட்டுச் சிக்னலைப் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் அது அருகில் இருப்பதோடு சேர்ந்துகொள்ளும்.

மெஷ்ஷின் தரத்தை நிர்ணயிப்பது, பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி. இரண்டே பட்டைகள் கொண்டவை அந்தப் பேச்சையும் நம் கருவிகளின் போக்குவரத்தையும் அதே காற்று நேரத்தில் நடத்துகின்றன. மூன்றாவது ரேடியோவை அதற்கென ஒதுக்குபவை அவற்றைவிட நன்று. பெட்டிகளைக் கேபிளால் இணைத்துவிட்டால் காற்று நேரம் முழுவதும் நமக்கே கிடைக்கும்; நான் மெஷ் பரிந்துரைக்கும்போதெல்லாம் முடிந்த இடத்தில் ஒரு கேபிளையும் சேர்த்தே பரிந்துரைக்கிறேன்.

சிக்னலே வராத அறையில் மெஷ் பெட்டியை வைப்பது மிகப் பரவலான தவறு. அந்தப் பெட்டிக்கும் அங்கு சிக்னல் வராது. ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

பின்னால் வரும் செலவுகள் இதில் அதிகம். ஒரு நிறுவனத்தின் பெட்டியோடு மற்றொன்றின் பெட்டி பெரும்பாலும் சேராது. சிலவற்றை அமைக்கவே கைபேசிச் செயலியும் இணையக் கணக்கும் தேவைப்படும். சில வசதிகளுக்குச் சந்தா கேட்கப்படும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோனால், பெட்டி நன்றாக இருந்தும் மாற்ற வேண்டி வரும். இருக்கும் ரூட்டரோடு மெஷ்ஷைச் சேர்க்கும்போது, முன்னே சொன்ன இரட்டை நெட்வொர்க் குழப்பம் இங்கும் எழும்.

## பவர்லைன் அடாப்டர்

ரூட்டருக்கு அருகிலுள்ள பிளக் பாயிண்டில் ஒன்று, தூரத்து அறையில் ஒன்று என இரண்டு அடாப்டர்களைச் செருகினால், இடையிலுள்ள மின்கம்பி நெட்வொர்க் கேபிளாகப் பயன்படுகிறது. சுவரைத் துளைக்க வேண்டாம், வைஃபை நுழையாத தடித்த சுவரும் தடையில்லை. கேட்பதற்கு இதைவிட எளிய தீர்வு வேறில்லை.

ஆனால் மின்கம்பி தரவுக்காகப் போடப்பட்டதன்று. கைபேசி சார்ஜர், மோட்டார், விளக்கின் ஒளியைக் குறைக்கும் சுவிட்ச் ஆகியவை எழுப்பும் இரைச்சல் அதன்மேல் படிகிறது. பழைய வயரிங் அதைக் கூட்டுகிறது. இரண்டு அறைகளும் வெவ்வேறு மின் இணைப்புச் சுற்றுகளில் இருந்தால் வேகம் குறையும், வெவ்வேறு பேஸ்களில் (வீட்டுக்குள் வரும் தனித்தனி மின்தடங்களில்) இருந்தால் சில வீடுகளில் இணைப்பே கிடைக்காது. மின் அழுத்தப் பாதுகாப்புள்ள பலகையிலோ யுபிஎஸ்ஸிலோ செருகினால், அந்தக் கருவி இந்த சிக்னலையும் இரைச்சல் என்றே கருதி வடிகட்டிவிடும். பெட்டியில் போட்ட 500, 1200 என்பவை கம்பியின் மேல் ஓடும் கச்சா வேகம். கையில் வருவது அதில் சிறு பகுதியே. 500 என்று அச்சிட்டு 100 மெகாபிட் துளை வைத்த அடாப்டர்களும் விற்பனையில் இருந்திருக்கின்றன. இணைத்தவுடன் இரண்டிலும் உள்ள ஜோடி சேர்க்கும் பொத்தானை அழுத்தி, தரவை மறைத்து அனுப்பப் பயன்படும் குறியாக்கச் சாவியை உங்களுக்கு மட்டும் உரியதாக்கிக்கொள்ள வேண்டும். பொதுச் சாவியில் விட்டால், ஒரே வயரிங்கைப் பகிரும் அண்டை வீட்டு அடாப்டரும் உள்ளே வர வாய்ப்புண்டு.

சுவரைத் தொட முடியாத வாடகை வீட்டில், வைஃபை எட்டாத ஓர் அறையில் ஒரே ஒரு கருவிக்கு இது பொருந்தலாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் வாங்குங்கள், ஏனெனில் உங்கள் வீட்டில் இது எப்படி ஓடும் என்பதைச் செருகிப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கேபிள் | ஒரே ரூட்டர் வைஃபை | மெஷ் | பவர்லைன் |
|---|---|---|---|---|
| கையில் வரும் வேகம் | சொன்னபடி கிடைக்கும் | தொலைவும் சுவரும் தீர்மானிக்கும் | பெட்டிகளுக்கு இடையேயான வழி தீர்மானிக்கும் | முன்கூட்டிச் சொல்ல இயலாது |
| தாமதத்தின் ஏற்ற இறக்கம் | மிகக் குறைவு | நெரிசலில் அதிகம் | ஒவ்வொரு பெட்டியைக் கடக்கும்போதும் சற்றுக் கூடும் | மின் கருவிகள் ஓடும்போது கூடும் |
| வழி | தனி | பகிர்வு | பகிர்வு. கேபிளால் இணைத்தால் குறையும் | பகிர்வு |
| நிறுவும் உழைப்பு | அதிகம் | மிகக் குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| பின்னால் வரும் செலவு | சுவர் வேலை, இணைப்புக் குழப்பம் | தேவையற்ற ரூட்டர் மாற்றம் | சந்தா, ஒரே நிறுவனச் சார்பு | வயரிங் ஒத்துழைக்காவிட்டால் முழு இழப்பு |

## வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

மடிக்கணினியைக் கேபிளால் ரூட்டரோடு நேரடியாக இணைத்து வேகச் சோதனை செய்யுங்கள். அங்கேயே திட்டத்தின் வேகம் வரவில்லை என்றால், மேலே சொன்ன எதை வாங்கியும் பயனில்லை. குறை இணைய நிறுவனத்தின் தடத்திலோ மோடத்திலோ அந்தக் கேபிளிலோ இருக்கிறது. அங்கு சரியாக வந்தால், சிக்கல் உள்ள அறைக்குச் சென்று, வைஃபையில் இணைந்தபடி ரூட்டரின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பிப் பாருங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. பதில்கள் சில மில்லி விநாடிகளுக்குள் சீராக வந்தால் அந்த அறையின் வைஃபை நன்றாகவே இருக்கிறது, தடை வெளியே. 4, 7, 180, 5, 420 என்று தாவினால் தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்போது முதலில் ரூட்டரின் இடத்தை மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். பிறகு நகராத கருவிகளில் அதிகமாகத் தரவு இழுப்பதற்கு ஒரு கேபிள் போட்டு அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் தாவல் நீடித்தால் மட்டும் மெஷ்ஷுக்குப் போகலாம்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் சுவர் பூசுவதற்கு முன்பே, தொலைக்காட்சி வரும் இடத்துக்கும் ஒவ்வொரு தளத்தின் கூரை நடுவுக்கும் மின்கம்பியிலிருந்து விலகிய தனிக் குழாய் பதித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கேட்6 கேபிள்களும் பின்னால் இழுக்க ஒரு கயிறும் விட்டு, மறுமுனைகளை எல்லாம் ரூட்டர் வைக்கப்போகும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்து, எது எந்த அறைக்குப் போகிறது என்று இரு முனையிலும் எழுதி ஒட்டிவிட வேண்டும்.